நிலாவைத் தேடிச் சென்றவர்கள் கண்ட ஒளி

ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் சோழமண்டலக் கரையில் பிறை பார்க்க நிற்பவர்கள் கடலுக்கு முதுகு காட்டியே நிற்க வேண்டும். பிறை மேற்கே தோன்றுவது. நமது கடலோ கிழக்கே கிடப்பது. மரக்காணத்திற்குத் தெற்கே அனுமந்தையில் நின்றால் மேற்கே கழுவேலியின் பரந்த நீர்நிலை, வடக்கே மரக்காணத்து உப்பளப் பாத்திகள் என நிலம் தாழ்ந்து விரிந்து கிடக்கிறது. குறுக்கே மலை இல்லை. பிறை காண்பதற்கு இத்தகைய அடிவானம் வாய்ப்பது அரிது. ஆயினும் கண்ணுக்கும் பிறைக்கும் நடுவே ஒரு கைப்பிடி மேகம் வந்து நின்றுவிட்டால் அத்தனை திறந்த வானமும் பயனற்றுப் போகிறது.

இவ்வேமாற்றம் இக்கரைக்குப் புதியதன்று. அனுமந்தையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திற்குள் அடையக்கூடிய புதுச்சேரியை நாடி, லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானியலார் 1760இல் தம் நாட்டிலிருந்து கப்பலேறினார். வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் நேரத்தைத் துல்லியமாக அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்பது அக்காலத்து அறிஞர்களின் திட்டம். 1761இல் கடப்பு நிகழ்ந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. அவரோ நடுக்கடலில், ஆடும் கப்பலில், எதையும் அளக்க இயலாதவராய் இருந்தார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் மீது ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை, வேண்டிய அந்தச் சில மணி நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. பின்னர் வெயில் அடித்தது. காத்திருந்த நாட்களில், சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கும் முறையை அவர் உள்ளூர்த் தமிழரிடம் பயின்று எழுதி வைத்தார் என்பது இக்கட்டுரைக்குக் கிளைக்கதை. எனினும் அதைச் சொல்லாமல் கடக்க நமக்கு மனம் வரவில்லை.

லெ ஜாந்தியை மறைத்தது ஒரு காலைப் பொழுதின் மேகம். நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்ட ஒளிக்கோ காற்றுமண்டலம் முழுவதுமே மேகம். எக்ஸ்-கதிர் தசையை ஊடுருவுவது. அதனாலன்றோ ஊடுகதிர் எனப் பெயர் கொண்டது! அது காற்றை ஊடுருவாதா என்று கேட்கத் தோன்றும். நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதன் எடையும் ஏறத்தாழப் பத்து மீட்டர் ஆழமுள்ள நீரின் எடைக்கு ஒப்பானது. அத்தனை திண்மையைக் கடந்து விண்ணின் எக்ஸ்-கதிர் எதுவும் தரையை வந்தடைவதில்லை. மனிதன் தோன்றிய நாள் முதல் அவன் தலைக்கு மேல் இரவும் பகலும் பொழிந்துகொண்டிருந்த ஓர் ஒளியை 1962ஆம் ஆண்டு வரை அவன் அறியவே இல்லை. அறிந்தபோதும் அதைத் தேடிச் சென்று அறியவில்லை.

தேடிச் சென்றது நிலாவை. சூரியனின் எக்ஸ்-கதிர் நிலாவின் பாறைகளில் பட்டால் அப்பாறைகள் தமக்கே உரிய எக்ஸ்-கதிர்களை உமிழும். அவற்றைக் கொண்டு நிலா எதனால் ஆனது என்று அறியலாம் என்பதே அமெரிக்க விமானப்படை பொருளுதவி செய்த திட்டத்தின் நோக்கம். ரிக்கார்டோ ஜக்கோனி, ஹெர்பர்ட் குர்ஸ்கி, பிராங்க் பவோலினி, புரூனோ ராஸ்ஸி ஆகிய நால்வர் அதில் ஈடுபட்டனர். 1961இல் ஏவிய ராக்கெட் சரியாகவே மேலெழுந்தது. கருவிகளை மூடியிருந்த கதவுகள்தாம் திறக்கவில்லை. மறுபடி 1962 ஜூன் 18ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஏரோபீ ராக்கெட் ஒன்று கிளம்பிற்று. நமது கணக்கில் அது ஹிஜ்ரி 1382, முஹர்ரம் மாதத்தின் நடுப்பகுதி. நிலா நிறைந்து நின்ற இரவு. ராக்கெட் 225 கிலோமீட்டர் உயரம் சென்று வீழ்ந்தது. காற்றுமண்டலத்தின் தடைக்கு மேல் அது கழித்த நேரம் ஆறு நிமிடத்திற்கும் குறைவு.

அந்த ஆறு நிமிடத்தில் நிலாவிலிருந்து குறிப்பிடத்தக்க எதுவும் வரவில்லை. விருச்சிக விண்மீன் கூட்டத்தின் திசையில், எவரும் எதிர்பாராத பேரொளி ஒன்று தென்பட்டது. சூரியனுக்கு வெளியே கண்டறியப்பட்ட முதல் எக்ஸ்-கதிர் மூலம் அது. 2002இல் ஜக்கோனிக்கு நோபெல் பரிசு கிடைத்ததற்கு அவ்விரவே தொடக்கம். ஆனால் அப்பதிவில் இன்னொன்றும் இருந்தது. ராக்கெட் தன் அச்சில் சுழன்றபடியே கருவிகளை வானத்தின் பல திசைகளுக்கும் திருப்பிற்று. எத்திசையில் திரும்பியபோதும் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கவே இல்லை. வானம் எங்கும் இருளாக இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏதோ ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. இதையே அறிஞர்கள் எக்ஸ்-கதிர்ப் பின்னணி என்பர். பேரண்டத்தின் பின்னணி ஒளிகளில் மனிதன் முதன்முதல் கண்டது இதுதான். மிகுந்த புகழ் பெற்ற நுண்ணலைப் பின்னணி இதற்கு ஈராண்டு பிற்பட்டது.

வியப்பு என்னவெனில், அதே 1962இன் ஜனவரியில் ஏவப்பட்ட ரேஞ்சர்-3 என்னும் கலமும் நிலாவுக்கென்றே புறப்பட்டது. நிலாவை முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியில் தவறவிட்டு அப்பால் சென்றுவிட்டது. அதில் இருந்த சீசியம் அயோடைடு படிகக் கருவி வெறும் வெளியை எண்ணிக்கொண்டே போயிற்று. இதே பின்னணியின் மிகுந்த ஆற்றல் கொண்ட பகுதி அந்த எண்ணிக்கையிலிருந்து பின்னர் அறியப்பட்டது. நிலாவுக்குச் சென்ற இரு பயணங்கள். இரண்டும் நிலாவைப் பற்றி ஏதும் சொல்லாமல், நிலாவுக்குப் பின்னால் உள்ளதைச் சொல்லின.

சீராகத் தெரியும் ஓர் ஒளி உண்மையிலேயே சீரானதா, அல்லது தனித்தனியே பிரித்தறிய முடியாத எண்ணற்ற விளக்குகளின் கூட்டொளியா? பின்னணி ஒளியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது. இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று. பால்வழி என்று நாம் அழைக்கும் வெண்பட்டையைப் பற்றி இதே கேள்வியை முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கேட்டிருக்கின்றனர். அது காற்றுமண்டலத்தின் மேற்பகுதியில் எரியும் ஆவி என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. இப்னுல் ஹைதம் அதை அளவையால் மறுத்தார்: அது அண்மையில் உள்ளதாயின் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்க்கையில் விண்மீன்களுக்கிடையே இடம் மாறித் தோன்ற வேண்டும், அவ்வாறு தோன்றவில்லை, ஆகவே அது மிகத் தொலைவில் உள்ளது என்றார். அல்பீரூனி அது மேகத் தன்மை கொண்ட எண்ணற்ற விண்மீன் துணுக்குகளின் திரள் எனக் கருதினார். அந்தலூஸின் இப்னு பாஜ்ஜா, ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கிய விண்மீன்களின் ஒளியே தொடர்ச்சியான பட்டையாகக் காட்சியளிக்கிறது என்றார். மார்க்க அறிஞராகவே நம்மில் பலர் அறிந்த இப்னுல் கையிம் அல்ஜவ்ஸிய்யாவும் சோதிடர்களை மறுத்து எழுதிய இடத்தில், பால்வழி நெருங்கித் திரண்ட சிறு விண்மீன்களே என்னும் கருத்தை முன்வைத்தார்.

1610இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து அவர்கள் கருத்தை மெய்ப்பித்தார். இதைச் சொல்லும்போது நம் மேடைகளில் வழக்கமாக ஒரு கைதட்டல் எழும். கைதட்டலில் பிழையில்லை. ஆயினும் அல்பீரூனியின் கூற்றுக்கும் கலிலியோவின் கூற்றுக்கும் இடையே ஒரு தொலைநோக்கியின் வேறுபாடு இருந்தது என்பதை அல்பீரூனியே முதலில் ஒப்புக்கொண்டிருப்பார். அவர் தம் கருத்தைக் கருத்தாகவே சொன்னவர். அளந்ததை அளந்ததாகச் சொன்னவர். இரண்டையும் கலந்தவர் அல்லர்.

இவ்விடத்தில் நம் நாட்டுக்கு வருவோம். 1963 நவம்பர் 21ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. மீனவர் கிராமத்து மாதா கோயிலே அலுவலகமாக இருந்த நாட்கள் அவை. அந்த ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பொறுப்பிலும் பாதுகாப்புப் பொறுப்பிலும் இருந்தவர் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற காலத்தில் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில், திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர் மீது ராக்கெட் ஏவும் காட்சியை ஓவியமாகக் கண்டதை அவர் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வது. காந்த நடுக்கோட்டருகே, விண்ணிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களில் பெரும்பாலானவற்றைப் பூமியின் காந்தப்புலம் விலக்கிவிடுகிறது. எக்ஸ்-கதிரை எண்ணும் கருவி அத்துகள்களையும் தவறாக எண்ணிவிடக்கூடியது. ஆதலால் மங்கலான பின்னணியை அளப்பவனுக்கு நடுக்கோட்டுக் கரைகளே அமைதியான கரைகள்.

1960களின் பிற்பகுதியில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தினர், யு.ஆர். ராவ் தலைமையில், தும்பாவிலிருந்து எக்ஸ்-கதிர்க் கருவிகளை ராக்கெட்டுகளில் அனுப்பினர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஐதராபாத்திலிருந்து பெரும் பலூன்களில் கருவிகளை ஏற்றினர். பின்னாளில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரான கஸ்தூரிரங்கன், அகமதாபாத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது கைக்கொண்டது உயர் ஆற்றல் வானியலையே. விண்வெளியில் பரந்து கிடக்கும் காமாக் கதிரின் அளவைக் காற்றுமண்டலத்தின் சிதறலிலிருந்து பிரித்தெடுப்பது குறித்து அவரும் ராவும் எழுதினர். 1975 ஏப்ரல் 19ஆம் நாள் ஏவப்பட்ட ஆரியபட்டா, நம் முதல் செயற்கைக்கோள், மூன்று அறிவியல் கருவிகளைச் சுமந்தது. அவற்றுள் ஒன்று எக்ஸ்-கதிர் வானியலுக்கானது. நான்கு நாட்களில் மின்வழங்கலில் கோளாறு நேர்ந்து ஆய்வுகள் நின்றுபோயின. முதல் முயற்சியின் பேறு அவ்வளவே. நாற்பதாண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 28ஆம் நாள், இதே சோழமண்டலக் கடலின் வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் சென்றது. அதன் பாதை நடுக்கோட்டிலிருந்து ஆறு பாகைக்கு மேல் சாயாமல் அமைக்கப்பட்டதற்கும் தும்பாவின் அதே காரணம்தான். கலாம் அதற்கு இரண்டு திங்களுக்கு முன் மறைந்திருந்தார்.

எக்ஸ்-கதிர் வானியலுக்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோளும் இந்து மாக்கடற் கரையிலிருந்தே சென்றது என்பதை நம் வாசகர் அறிந்திருத்தல் நன்று. 1970 டிசம்பர் 12ஆம் நாள், கென்யாவின் மாலிந்திக்கு அருகே, கடலுக்குள் இத்தாலியர் நிறுவிய மேடையிலிருந்து அது கிளம்பிற்று. அன்று கென்யாவின் விடுதலை நாள். ஆதலால் அதற்கு ‘உஹுரு’ எனப் பெயரிட்டனர். ஸ்வாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள். அச்சொல்லின் வேர் அரபியின் ‘ஹுர்’. நமக்கு நன்கு பழகிய ‘ஹுர்ரிய்யத்’ அதன் உடன்பிறப்பு. இப்னு பதூதா கால்வைத்த கிழக்காப்பிரிக்கக் கரை அது. அதே பயணி பின்னர் அரபிகள் ‘மஅபர்’ என்றழைத்த நம் கரைக்கும் வந்தார். உஹுரு முந்நூற்றுக்கும் மேற்பட்ட எக்ஸ்-கதிர் மூலங்களைப் பட்டியலிட்டது. அவற்றினும் மேலாக, அவை அனைத்துக்கும் பின்னால் உள்ள ஒளி வானெங்கும் மிகச் சிறிய வேறுபாட்டுடன் ஒரே அளவினது என நிறுவிற்று. நம் பால்வழிக்குள் இருந்து வருவதாயின் அது பட்டையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆகவே அது பால்வழிக்கு வெளியிலிருந்து வருவது. இப்னுல் ஹைதம் பயன்படுத்திய நியாயத்தின் அமைப்பே இங்கும் இருக்கிறது.

எங்கிருந்து என்பது ஒருவாறு தெரிந்தது. எவ்வளவு என்பதே கடினமானது. குறிப்பிட்ட ஒரு விண்மீனை அளப்பவன் கருவியை அதன்மீது திருப்பி எண்ணுகிறான். பிறகு அருகிலுள்ள வெற்றிடத்தில் திருப்பி எண்ணுகிறான். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறான். பின்னணியே அளக்க வேண்டிய பொருளாகும்போது கருவியை எங்கே திருப்புவது? வெற்றிடம் என்று ஓர் இடம் இல்லையே! வானத்து ஒளியும், துகள்கள் மோதுவதால் கருவியின் உடலிலேயே பிறக்கும் பொய் எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. 1977 ஆகஸ்டு 12ஆம் நாள் ஏவப்பட்ட ஹியோ-1 செயற்கைக்கோளின் அறிஞர்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். ஒரே எண்ணியின் ஒரு பாதிக்குப் பெரிய சாளரமும் மறு பாதிக்குச் சிறிய சாளரமும் அமைத்தனர். சாளரம் இரு மடங்கானால் வானத்திலிருந்து வருவதும் இரு மடங்காகும். உள்ளே பிறக்கும் பொய் எண்ணிக்கையோ சாளரத்தை அறியாது, மாறாது. இரண்டின் வேறுபாடு வானத்தினுடையது மட்டுமே. பிற்காலத்தில் ஐரோப்பாவின் இன்டெக்ரல் கலம் 2006இல் பூமியையே திரையாகப் பயன்படுத்திற்று. கருவியின் பார்வைக்குக் குறுக்கே பூமி வரும்போது குறையும் எண்ணிக்கை எவ்வளவோ, அவ்வளவு அதன் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது கணக்கு. பூமியின் காற்றுமண்டலமும் தன் பங்குக்கு எக்ஸ்-கதிரைச் சிதறடிப்பதால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

உப்பள மக்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. மரக்காணத்துப் பாத்தியில் கடல்நீர் வற்றிப் படியும் உப்பின் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் முகங்கள் செங்கோணத்தில் சந்திப்பது தெரியும். அக்கனசதுரத்தின் உள்ளே சோடியமும் குளோரினும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதை 1913இல் வில்லியம் லாரன்ஸ் பிராக் எக்ஸ்-கதிரைக் கொண்டே கண்டார். ஒரு பொருளின் அணுக்களது அடுக்கு எக்ஸ்-கதிரால் முதன்முதல் அறியப்பட்டவற்றுள் நம் சமையலுப்பும் ஒன்று. 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர், உப்பின் நெருங்கிய உறவான சோடியம் அயோடைடு படிகத்தில் சிறிது தாலியத்தைக் கலந்தால், அதில் படும் ஒவ்வொரு கதிருக்கும் அது ஒரு சிறு மின்னலாய் ஒளிர்வதைக் கண்டார். உப்பின் வழியே எக்ஸ்-கதிரை அறிந்த மனிதன், எக்ஸ்-கதிரால் உப்பை அறிந்து, மீண்டும் உப்பினமான படிகங்களாலேயே விண்ணின் எக்ஸ்-கதிரை எண்ணினான். ஆரியபட்டாவில் இருந்த இரு எண்ணிகளுள் ஒன்று அப்படிகமே. ஹியோ-1இன் உயர் ஆற்றல் கருவியும் அத்தகையதே. சோடியம் அயோடைடும் உப்பைப் போலவே ஈரத்தை விரும்பி உறிஞ்சுவது. காற்றுப்படாமல் மூடி வைக்காவிட்டால் கெட்டுவிடும். மழைக்காலத்திற்கு முன் உப்புக் குவியலைக் கீற்றால் மூடும் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஹியோ-1 தந்த அளவீடு 1980இல் வெளியானபோது அறிஞருலகம் திகைத்தது. பின்னணியின் ஆற்றற் பங்கீடு ஏறத்தாழ 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் உச்சம் கொண்டிருந்தது. மூன்று முதல் ஐம்பது வரையான நெடுக்கத்தில் அவ்வளைகோடு, பல கோடிப் பாகை வெப்பம் கொண்ட மெல்லிய வாயு ஒன்று உமிழும் ஒளியின் வளைகோட்டோடு ஏறத்தாழப் பிசகின்றிப் பொருந்திற்று. அண்ட வெளி முழுவதும் கொதிக்கும் வாயுவால் நிறைந்துள்ளது. நாம் காண்பது அதன் ஒளி என்று கூற இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அறியப்பட்ட தனி மூலங்கள் எவற்றின் வளைகோடும் அவ்விதம் பொருந்தவில்லை. பலர் வழக்கு முடிந்தது என்றே கருதினர்.

பத்தாண்டுகள் அக்கருத்து உயிரோடிருந்தது. அத்தகைய வெப்ப வாயு எங்கும் நிறைந்திருப்பின், அதன் ஊடாக நம்மை வந்தடையும் நுண்ணலைப் பின்னணி தன் வடிவம் சிதைந்திருக்க வேண்டும். 1989 நவம்பரில் ஏவப்பட்ட கோபே செயற்கைக்கோள் நுண்ணலைப் பின்னணியை அளந்தது. சிதைவே இல்லை. அத்தனை அழகாகப் பொருந்திய விளக்கம் 1990இல் சில பக்க அறிக்கையில் வீழ்ந்தது.

நாம் இந்நிகழ்ச்சியில் சற்று நிற்க விரும்புகிறோம். ஏனெனில், அறிவியலும் மார்க்கமும் என்ற தலைப்பில் நம்மிடையே வெளிவரும் நூல்களிலும் துண்டறிக்கைகளிலும் பெரும்பாலானவை பொருத்தம் ஒன்றையே சான்றாகக் கொள்கின்றன. திருவசனம் ஒன்று, ஆய்வுச் செய்தி ஒன்று, இரண்டும் பொருந்துகின்றன, ஆகவே இது அதையே முன்னறிவித்தது என்பது அவற்றின் போக்கு. அந்த ஆய்வுச் செய்தி 1980இல் வெளியான வெப்ப வாயுக் கொள்கையாக இருந்திருந்தால்? வானம் புகையாக இருந்ததைச் சொல்லும் திருவசனத்தோடு அதைப் பொருத்திக் காட்டுவதற்கு எவருக்கும் அரை நாள் போதும். 1990இல் கோபேயின் அளவீடு வந்த பிறகு அப்புத்தகத்தை எழுதியவர் எதைத் திரும்பப் பெறுவார்? செய்தியையா, வசனத்தையா? இறைவேதத்தின் உண்மையை மனிதக் கருவியின் இவ்வாண்டுக் கணக்கோடு பிணைப்பது வேதத்துக்குச் செய்யும் சிறப்பென்று நாம் கருதவில்லை. திருக்குர்ஆனின் முல்க் அத்தியாயம் வானத்தைப் பார்த்தவனை மறுபடியும் பார்க்கப் பணிக்கிறது. பார்வை களைத்துத் திரும்பும் வரை பார்ப்பது ஒரு தொழில். முதற் பார்வையிலேயே பொருத்தம் கண்டு புத்தகம் அச்சிடுவது வேறு தொழில். பிறையைக் கண்ணால் காண்பதா கணக்கால் கொள்வதா என்னும் வாதத்தில் இங்கு நாம் நுழையவில்லை. ஆனால் அவ்வாதத்தின் இரு தரப்பாரும், காணாததைக் கண்டேன் என்பவனின் சாட்சியத்தை ஏற்க மாட்டார்கள்.

மறுபடியும் பார்த்தவர்களின் கதைக்கு வருவோம். வாயு இல்லையெனில் தனி விளக்குகளே. 1989இலேயே செட்டி, வோல்ட்ஜர் என்னும் இருவர் ஒரு வழி சொல்லியிருந்தனர். விண்மீன் மண்டலங்களின் நடுவே உள்ள மாபெரும் கருந்துளைகளில் வாயு சுழன்று விழும்போது எக்ஸ்-கதிர் பிறக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை தம்மைச் சூழ்ந்த தூசுக்கும் வாயுவுக்கும் பின்னே மறைந்திருப்பவை. திரை மென்மையான கதிர்களை விழுங்கிவிட்டு வன்மையான கதிர்களை மட்டும் வெளியே விடுகிறது. பல அளவுகளில் திரையிட்ட எண்ணற்ற கருந்துளைகளின் ஒளியைக் கூட்டினால், 30இல் உச்சம் கொள்ளும் அதே வளைகோடு கிடைக்கும். வெப்ப வாயுவோடு நேர்ந்த பொருத்தம் தற்செயல்!

மெய்ப்பிக்கக் கூரிய பார்வை வேண்டும். 1990இல் சென்ற ஜெர்மனியின் ரோசாட், மென்கதிர்ப் பகுதியில் பின்னணியின் எழுபது முதல் எண்பது விழுக்காட்டைத் தனித்தனி மூலங்களாகப் பிரித்துக் காட்டியது. 1999 ஜூலை 23ஆம் நாள் சென்ற கலம் அதை வன்கதிர்ப் பகுதிக்கும் நீட்டியது. அதன் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில், விண்மீன்களின் எடைக்கு ஒரு வரம்பைக் கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர் அது. அப்பெயருக்கு நிலா என்றும் பொருளுண்டு. அக்கலம் தென்வானின் ஒரு சிறு துண்டை, பல ஆண்டுகளில் பகுதி பகுதியாக, மொத்தம் எழுபது இலட்சம் நொடிகள் உற்றுப் பார்த்தது, நாட்கணக்கில் எண்பத்தொன்று. 2017இல் வெளியான அதன் பட்டியலில் 1,008 மூலங்கள் இருந்தன. நிறைநிலாவின் பரப்பைவிடப் பெரிதல்லாத அத்துண்டு வெறுங்கண்ணுக்கு வெற்றிடம்.

கணக்கு தீர்ந்தது என்று எழுதலாமா? எழுத இயலாது. பின்னணியின் உச்சம் 30இல் இருக்கிறது. சந்திரா 10க்கு மேல் பார்க்க வல்லதன்று. 2012இல் சென்ற நுஸ்டார் 8 முதல் 24 வரை பார்த்து ஏறத்தாழ முப்பத்தைந்து விழுக்காட்டையே தனித்தனியே பிரித்தது. உச்சத்தில் உள்ள ஒளியின் பெரும்பகுதியை இன்னும் எவரும் தனித்தனி விளக்காக எண்ணவில்லை. மிகத் தடித்த திரைக்குப் பின்னால் இருக்கும் கருந்துளைகள் எத்தனை என்பது இதனால் ஊகமாகவே நிற்கிறது. பின்னணியின் மொத்த அளவிலேயே கருவிக்குக் கருவி பத்து விழுக்காட்டிலிருந்து முப்பது விழுக்காடு வரை வேறுபாடு இருக்கிறது. அவ்வேறுபாட்டைத் தீர்க்கவென்றே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மோர்ஹெட் பல்கலைக்கழகத்தார், மாணவர்களின் உழைப்பில், கைக்கடக்கமான சிறு செயற்கைக்கோள் ஒன்றைச் செய்து 2012இல் அனுப்பினர். கோடிகள் செலவிடும் நாடுகள் மட்டுமே இறங்கக்கூடிய துறை இது என்ற எண்ணத்தை அம்முயற்சியாவது நம் கல்லூரிகளில் கொஞ்சம் அசைத்திருக்கலாம். வக்ஃபு நிலங்களிலும் வணிகப் பெருமக்களின் கொடையிலும் எழுந்த நம் கல்லூரிகளில் இயற்பியல் துறைகள் இருக்கின்றன; ஆண்டுதோறும் அல்பீரூனி பெயரிலும் இப்னுல் ஹைதம் பெயரிலும் விழாக்கள் நடக்கின்றன. ஒரு படிக எண்ணியைப் பலூனில் கட்டி ஏற்றிய கல்லூரி எது என்று கேட்டால் நாம் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நிலாவை மறந்துவிட்டோம். 1962இல் தேடப்பட்ட நிலாவின் எக்ஸ்-கதிர்ப் படம் இறுதியில் 1990 ஜூன் 29ஆம் நாள் ரோசாட்டுக்குக் கிடைத்தது. பாதி ஒளிர்ந்த நிலா. ஒளிர்ந்த பாதி சூரியனின் எக்ஸ்-கதிரைத் திருப்பி அனுப்பிற்று. ஜக்கோனி குழுவினர் எதிர்பார்த்தது அதையே. படத்தின் சிறப்பு மறு பாதியில் இருந்தது. நிலாவைச் சுற்றிலும் வானம் பின்னணி ஒளியால் புள்ளி புள்ளியாக நிறைந்திருக்க, நிலாவின் இருண்ட பாதி அதன் நடுவே நிழலாகக் கிடந்தது. பின்னணி நிலாவுக்கு அப்பாலிருந்து வருவதை ஒரு படத்தில் காட்ட வேண்டுமானால் இதனினும் வேறு வேண்டியதில்லை.

ஆனால் அந்நிழல் முற்றிலும் கறுப்பாக இல்லை. சூரியன் படாத அப்பாதியிலும் சிற்சில எண்ணிக்கைகள் விழுந்திருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பது பத்தாண்டுகளுக்கும் மேல் விளங்கவில்லை. சூரியக் காற்றின் துகள்கள் நிலாத் தரையில் மோதுவதால் இருக்கலாம் என்றனர். 2001இல் சந்திரா நிலாவின் இருண்ட பகுதியை நோக்கிற்று. வந்த கதிர்களின் ஆற்றலைப் பிரித்துப் பார்த்தபோது அவை ஆக்சிஜன் முதலான அணுக்களின் அடையாளத்தைக் கொண்டிருந்தன. சூரியக் காற்றில் வரும் அவ்வணுக்கள், பூமியைப் பல பத்தாயிரம் கிலோமீட்டர் தொலைவு வரை போர்த்தியிருக்கும் மெல்லிய ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும்போது அவ்வொளி பிறக்கிறது. நிலாவின் இருண்ட முகத்தில் ரோசாட் எண்ணியவை நிலாவினுடையவை அல்ல. கருவிக்கும் நிலாவுக்கும் இடையே, நம் பூமியின் போர்வையிலேயே பிறந்தவை. மென்கதிர்ப் பின்னணியை அளந்த முந்தைய கணக்குகள் யாவற்றிலும் இவ்வண்மை ஒளி எவ்வளவு கலந்திருந்தது என்று பார்த்துக் கழிக்கும் வேலை அதன் பின்னரே தொடங்கிற்று.